கண்ணீர் காட்சிப்பொருளா?

மாணவர்களே! ஒரு கரண்டி வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால், நீரின் வெப்பநிலையே சற்றுக் குறைந்துவிடும். அளக்க வந்த கருவி, அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

மனத்துயரின் முன் வைக்கப்படும் தொலைக்காட்சிக் காமிராவும் அத்தகையதே. அரங்கின் விளக்கொளியும் துருவும் கேள்விகளும் துயரத்தைப் பெருக்கக்கூடும். கலங்கிய மனம் அந்நேரத்தில் தரும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகுமா? ஒளிபரப்பான பின், வள்ளியூர் போன்ற சிற்றூரில் அவர் முகம் மறைத்து நடக்க முடியுமா?

குடும்பச் சண்டைகளைக் காட்டிய 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு 2018இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரலாகாது என்கிறது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சிகிச்சைக்கே வராமல் அரங்கில் அழுபவருக்கு அந்தப் பிரிவின் காப்பு இல்லை. அங்கே காவல், பார்ப்பவரின் மனச்சாட்சிதான். அழுபவர் உங்கள் அக்காவாக இருந்தால் பார்த்து ரசிப்பீர்களா?