உங்களுக்குத் தெரியுமா? கேமரா பார்க்காத நிறம்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் முன் தேங்காய் சிதறும் நொடியைப் படம் எடுக்கிறீர்கள். அந்தப் படத்தின் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் கேமரா பார்க்கவே இல்லை!

• பெரும்பாலான கேமரா சென்சார்களில் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கும். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துப் போடும் கணக்கு.

• புள்ளிகளில் பாதி பச்சைக்கே. நம் கண்ணுக்கு நுணுக்கம் தெரிவது அதில்தான். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் இந்தப் புள்ளி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

• ஜேபெக் கோப்பு, படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து நுண்விவரத்தைக் கழித்துவிடும். போனது திரும்பாது. திருத்தித் திருத்திச் சேமித்தால் இன்னும் போகும்.

• கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், கோட்டைப் பகுதியில், ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மயிரிழைக் கீறல்களாக நிற்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அதைப் படம் எடுத்து ஜேபெக்காக அதிகம் சுருக்கினால் அந்தக் கீறலைச் சுற்றி மங்கல் படரும்; எழுத்தா, பூச்சி அரித்த தடமா என்று தெரியாது. உங்கள் வீட்டிலும் ஓலைக்கட்டு இருக்கிறதா? ஸ்கேன் செய்த மூலப் பிரதியை, விவரம் இழக்காத டிஃப் கோப்பாகவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் ஜேபெக்.