அண்ணனுக்கு நிற்கும்... தம்பிக்கு ஓடும்!

கேம்பஸ் இன்டர்வியூவுல பஸில் போட்டுக் கொல்றாங்கன்னு புலம்பும் மெக்கானிக்கல் மக்களே, இதோ கிரீஸ் வாசனையோடு ஒரு பஸில். ஆர்ட்ஸ் குரூப் ஆட்களும் ஓடிடாதீங்க, இதுல ஃபார்முலா எதுவும் கிடையாது.

கொல்லிமலை ரோடு தெரியும்தானே? அடிவாரத்துல காரவள்ளியில ஆரம்பிச்சா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டுல பலாப்பழமும் வாழைத்தாரும் ஏத்தி இறக்கிக்கிட்டிருந்த ஒரு பிக்-அப் வண்டிதான் நம்ம ஹீரோ. ஓட்டினவங்க அண்ணன், தம்பி ரெண்டு பேர். அண்ணன் சரிவுல நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தா, வண்டி பாறை மாதிரி நிற்கும். அதே சரிவு, அதே லோடு... தம்பி நிறுத்தினா மெள்ள நகர ஆரம்பிச்சிடும். ஒருநாள் நாலடி உருண்டு டீக்கடை பெஞ்சுல முட்டித்தான் நின்னுச்சு. நல்லவேளை, பெஞ்சுல யாரும் இல்லை.

'வண்டிக்கு ஆள் தெரியுதுப்பா'ன்னு ஊரே கிண்டல். தம்பிக்குக் கையில பலம் பத்தலைன்னு வீட்டுல தீர்ப்பே எழுதிட்டாங்க.

முதல் பட்டறையில ஹேண்ட்பிரேக் கேபிளை முறுக்கி டைட் வெச்சு அனுப்பினாங்க. ஒரு வாரம் ஓகே. அப்புறம் பழைய கதைதான், கூடவே ரெண்டு புதுக் கதை. பின்பக்க வலது சக்கரம் தொட முடியாத அளவுக்குச் சூடாச்சு. லீவரை முழுசா இறக்கின பிறகும் டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு ஹேண்ட்பிரேக் லைட் கொண்டை ஊசி வளைவுகள்ல மட்டும் கண்ணடிச்சது. லீவருக்குக் கீழே இருக்கும் சுவிட்சை மாத்தினாங்க. லைட் அதுபாட்டுக்குக் கண்ணடிச்சுக்கிட்டே இருந்தது.

இப்ப நீங்க சொல்லுங்க, குற்றவாளி யாரு? சூடாகிற வலது சக்கரம்தான்னு தோணுதா? அந்தப் பட்டறையிலயும் அப்படித்தான் நினைச்சாங்க.

அடுத்து வண்டி போனது நாமக்கல்ல ஒரு பெரியவர்கிட்ட. அவர் ஸ்பேனரைத் தொடலை. தம்பியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டிய நிறுத்துனா கியர்ல போட்டுட்டு இறங்குவியா தம்பி?"

"இல்லீங்ணா, நியூட்ரல்தான். அண்ணன்தான் கியர்ல போடுவாரு."

பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சது. கியர்ல இருக்கும்போது சரிவுல வண்டியைப் பிடிச்சுக்கிட்டிருந்தது இன்ஜின். ஹேண்ட்பிரேக் பல நாளாவே அரைகுறைதான். அண்ணனோட நல்ல பழக்கம் அதை மூடி மறைச்சது, தம்பி பேர் கெட்டதுதான் மிச்சம். சரி, கோளாறு எந்தப் பக்கம்?

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டு மேல உட்கார வெச்சாங்க. கியர் நியூட்ரல். லீவரை ஒவ்வொரு 'டிக்'கா இழுத்துச் சக்கரத்தைக் கையால சுத்திப் பார்த்தார் பெரியவர். வலது சக்கரம் மூணாவது டிக்லயே இறுகிடுச்சு. இடதோ, லீவரை முழுசா இழுத்த பிறகும் கொஞ்சம் பலம் கொடுத்தா சுத்துது! அதாவது, சூடான வலது சக்கரம் நிரபராதி. ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே ஆள் அதுதான். கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினதால லீவரை விட்ட பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே ஓடியிருக்கு, சூடாகியிருக்கு.

இதே இடது சக்கரத்தை முதல் பட்டறையிலயும் தூக்கிச் சுத்திப் பார்த்தவங்கதான். அப்ப அது அசையவே இல்லை. காரணம், வண்டி உருளக் கூடாதுன்னு கியர்ல போட்டுட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியிருக்காங்க. லேப்ல டிஃபரன்ஷியல் மாடலைச் சுத்திப் பார்த்தவங்களுக்கு இது புரியும். நடு ஷாஃப்ட் அசையாம இருந்தா, ஒரு சக்கரம் முன்னால சுத்த இன்னொண்ணு பின்னால சுத்தணும். வலது தரையில அழுந்திக் கிடக்கு, அப்புறம் இடது எப்படி அசையும்? பார்க்க பிரேக் சூப்பரா பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். (வைவாவுல உதவும், ஞாபகம் வெச்சுக்கோங்க.)

இடது டிரம்மைக் கழட்டினா உள்ளே ஈரம். கிரவுன்ல இருந்து கியர் ஆயில் கசிஞ்சிருந்தா கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். இதுல அந்த வாடை இல்லை. வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை லேசா நகர்த்தினதும் சொட்டுச் சொட்டா வந்தது பிரேக் ஆயில். ஷூவோட லைனிங் அதுல ஊறிப் போயிருந்தது. ஊறின லைனிங் எங்கேருந்து பிடிக்கும்?

கண்ணடிச்ச லைட்டுக்கும் பதில் இதுதான். நிறைய வண்டிகள்ல அந்த ஒரே சிவப்பு லைட்டுக்கு ரெண்டு வேலை. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைஞ்சாலும் எரியும். இந்த வண்டியில ஆயில் எல்லைக் கோட்டுக்கு இறங்கியிருந்தது. வளைவுல ஆயில் ஒரு பக்கமா சாய, மிதவை இறங்க, லைட் எரிய... நேர் ரோட்டுக்கு வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி அணைஞ்சிடும்.

பிரேக் மிதிக்கும்போது பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்களே பார்த்துடுறதால, அண்ணனுக்கும் தம்பிக்கும் கால்ல பெரிசா வித்தியாசம் தெரியலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பின்பக்க பிரேக்கே இல்லாமப் போயிருக்கும். லோடோட 70 வளைவு இறங்குற வண்டி அது. நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கும் ஈரத்தை இழுத்துக்கிற ஜாதி. வருஷக்கணக்கா மாத்தாம விட்டா சிலிண்டர் உள்ளே துரு அரிக்கும், துரு ரப்பரைக் கிழிக்கும். கதை அங்கே ஆரம்பிச்சிருக்கணும்ங்கிறது பெரியவர் கணக்கு.

இடது வீல் சிலிண்டரை மாத்தினாங்க. ஷூ ரெண்டு பக்கமும் புதுசு, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும். பழைய ஆயிலைக் கொட்டிப் புதுசு ஊத்தி, காத்து எடுத்தாங்க. முறுக்கி வெச்சிருந்த கேபிளைத் தளர்த்தி, முதல்ல டிரம்முக்குள்ள ஷூவை அட்ஜஸ்ட் பண்ணிட்டு, கடைசியாத்தான் கேபிளைத் தொட்டார் பெரியவர்.

அப்புறம் ஒரு மேட்டுல லோடோட டெஸ்ட். நியூட்ரல்ல நிறுத்தினது தம்பி. அசையலை. அண்ணன் மட்டும் ஒரு கல்லைக் கையில வெச்சுக்கிட்டு டயர் பக்கத்துலயே நின்னார். "அந்தக் கல்லை ரோட்டுலயே விட்டுட்டுப் போயிடாதீங்க, ராத்திரி பைக்ல வர்றவன் விழுவான்"னு பெரியவர் சத்தம் போட்ட பிறகுதான் ஓரமாத் தூக்கிப் போட்டார்.