மனத்தின் சுழிப்பிழை

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இடையில் எதையும் வைக்காமல் முனைகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். அப்போது அளவி சுழியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதில் சுழிப்பிழை உள்ளது என்கிறோம். கம்பியை அளந்தாலும் கண்ணாடித் தகட்டை அளந்தாலும் அப்பிழை கூடவே வரும். குற்றம் கம்பியிலும் இல்லை, தகட்டிலும் இல்லை, கருவியில் உள்ளது.

மனிதரை அளக்கும் மனத்திற்கும் இத்தகைய பிழை உண்டா? ஒரு பிரிவினரை வெறுப்பவர் மற்றப் பிரிவினரையும் வெறுப்பாரா? அல்லது ஒவ்வொரு வெறுப்பும் தனித்தனியானதா?

அமெரிக்க உளவியலார் யூஜின் ஹார்ட்லி இதைச் சோதிக்க ஓர் எளிய வழி கண்டார். அவரது ஆய்வு 1946-இல் நூலாக வந்தது. பல இன, சமய, நாட்டு மக்களின் பெயர்ப்பட்டியலைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். 'இவர்களை மண உறவினராக ஏற்பீர்களா? அண்டை வீட்டாராக ஏற்பீர்களா? நாட்டிற்குள்ளேயே விடமாட்டீர்களா?' என்று படிப்படியாகக் கேட்டார். பட்டியலில் டேனிரியர், பைரீனியர், வலோனியர் என்னும் மூன்று பெயர்களும் இருந்தன. அவை ஹார்ட்லி புனைந்த பெயர்கள்!

விளைவு என்ன தெரியுமா? உண்மையான பிரிவினரைத் தள்ளிவைத்தவர்களே பெரும்பாலும் இந்த இல்லாத மக்களையும் தள்ளிவைத்தனர். 'அவர்கள் நடத்தை சரியில்லை. அதனால்தான் வெறுக்கிறேன்' என்று காரணம் கூறுவோர் உண்டு. இல்லாத மக்களுக்கு ஏது நடத்தை? இடையில் எதுவும் வைக்காமலே அளவி ஓர் அளவைக் காட்டிவிட்டது.

இப்பிழை எங்கிருந்து வருகிறது? பிற்கால ஆய்வாளர்கள் முக்கியமாக இரண்டு வேர்களைக் காட்டுகின்றனர். ஒன்று, 'பழைய ஒழுங்கு குலைந்தால் ஆபத்து' என்னும் அச்சம். மற்றொன்று, 'மேல், கீழ் என்று மக்கள் இருப்பதே இயற்கை' என்னும் எண்ணம்.

ஆனால் எல்லா வெறுப்பையும் சுழிப்பிழையில் அடக்கிவிட முடியாது. நிலத்துக்கும் வேலைக்கும் நடக்கும் போட்டி, நெடுங்கால வரலாறு ஆகியவை அந்தந்த இடத்தில் தனிப் பிழைகளைச் சேர்க்கின்றன. இகழ்ச்சிக்கு ஆளானவர் பிறரை இகழமாட்டார் என்பதற்கும் உறுதி இல்லை.

இப்பிழையைத் திருத்த முடியுமா? தாமஸ் பெட்டிகுரூ என்னும் அறிஞர், மேற்கு ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 1988-இல் எடுத்த கணிப்பை ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டார். சிறுபான்மைப் பிரிவில் நண்பர் உள்ளவருக்கு அப்பிரிவினர்மீது மட்டுமன்றி, வேறு பல பிரிவினர்மீதும் வெறுப்பு குறைவாக இருந்தது. ஆம், வெறுப்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் போலவே நட்பின் பயனும் பரவுகிறது!

சுழிப்பிழை உள்ள கருவியை நாம் தூக்கி எறிவதில்லை. பிழையின் அளவை அறிந்து திருத்தம் செய்கிறோம். உங்கள் தெருவிற்குப் புதிதாக ஒரு குடும்பம் வரப்போவதாகக் கேள்விப்படுகிறீர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே உங்கள் மனம் காட்டும் அளவு என்ன? அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களுடன் பழகிப் பாருங்கள்.