டர்போ காரைக் கைமாற்றும் முன்

1995-இல் காலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆனது சுபாரு இம்ப்ரேசாவில்தான். அதற்குப் பிறகு பிரிட்டனில் அந்த வண்டிமேல் பலருக்குத் தனி மோகம். வாங்கியவர்களில் பலர் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. பெரிய டர்போ பொருத்தினார்கள், சைலன்சரை மாற்றினார்கள், என்ஜினை ஆளும் கணினியில் புதிய கணக்குகளை ஏற்றினார்கள். இப்படி மாற்றிய கார், டீலர் யாரும் இல்லாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது, பேரம் பேசுவதற்கு முன் டர்போவைப் புரிந்துகொள்வது நல்லது.

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட எரியும், சக்தி பெருகும். அந்த அச்சு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளைத் தாண்டும். அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயைக் காலத்தில் மாற்றாத வண்டியில் டர்போ நீடிக்காது.

காற்றழுத்தத்தைக் கூட்டிவிட்டு, அதற்குத் தக்கபடி பெட்ரோல் அளவைத் திருத்தாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. சிலிண்டருக்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். அந்த அடியில், பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு உடைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் கார் பளபளவென்றுதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க கம்ப்ரஷன் சோதனை உண்டு. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுவார். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. டர்போவையும் கையாலேயே பார்க்கலாம்: என்ஜின் நின்று ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றி அச்சை அசைத்தால், பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு, முன்னும் பின்னும் ஆடினால் தேய்ந்துவிட்டது.

தனியார் விற்பனையில் பிரிட்டிஷ் சட்டம் டீலரிடம் வாங்குபவருக்குத் தரும் பாதுகாப்பைத் தருவதில்லை. ஆனால் விற்பவர் காரைப் பற்றிப் பொய் சொன்னால் வழக்குத் தொடரலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றங்களை எல்லாம் வாங்குபவர் தெரிவித்தாக வேண்டும். எனவே மாற்றங்களின் பட்டியல் அவர் கைக்கு முழுமையாகப் போய்ச்சேர வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிவைத்த அசல் டர்போவைத் தனியாக விற்றுவிடாதீர்கள். பில்களோடும் கம்ப்ரஷன் அறிக்கையோடும் சேர்த்து, புதிய உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.