நோய்க் கிருமிகளின் இனப்பெருக்கமும் பரிணாமமும்

ஒரு முறை இன்புளூயென்சா சுரம் கண்டு தேறியவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அதே நோய் மீண்டும் வருகின்றது. தட்டம்மையோ ஒரு முறை வந்தால் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. இவ்வேறுபாட்டிற்கு ஒரு முக்கிய காரணம், இன்புளூயென்சா வைரஸ் பெருகும் முறையிலேயே அமைந்துள்ளது.

வைரஸ் தானாகப் பெருக வல்லதன்று. அது நம் உயிரணுவினுள் புகுந்து, தன் ஜீன்களைப் படியெடுக்கச் செய்கின்றது. இன்புளூயென்சா வைரஸின் ஜீன்கள் ஆர்.என்.ஏ. என்னும் பொருளாலானவை. இவற்றைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. ஆகவே சந்ததியில் சிறு மாறுதல்கள் ஓயாது தோன்றுகின்றன. அவற்றுட் பல வைரஸுக்கே கேடானவை. ஆயினும், நம் உடலின் எதிர்ப்புப் பொருள்கள் அடையாளம் காண இயலாதவாறு மேற்புறப் புரதம் மாறிய சில வைரஸ்கள் பிழைத்துப் பரவுகின்றன.

மற்றொரு வழியும் உண்டு. இவ்வைரஸின் ஜீன்கள் 8 தனித் துண்டுகளாக உள்ளன. இருவகை வைரஸ்கள் ஒரே உயிரணுவினுட் புகுந்தால், தாய் தந்தையரின் குணங்கள் பிள்ளையிடம் கலப்பது போல, இரண்டின் துண்டுகளும் கலந்து புது வைரஸ் பிறக்கலாம். சிவப்புச் சீட்டு எட்டு, கறுப்புச் சீட்டு எட்டு எடுத்து, 1 முதல் 8 வரை எண்ணிடுக. ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதேனும் ஒரு நிறத்தைத் தேர்ந்தால் 256 சேர்க்கைகள் கிடைக்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம்.

2009 இல் உலகெங்கும் பரவிய வைரஸ் இத்தகைய கலப்பே. அதன் 6 துண்டுகள் வட அமெரிக்கப் பன்றி வைரஸிலிருந்தும், 2 துண்டுகள் ஐரோப்பிய ஆசியப் பன்றி வைரஸிலிருந்தும் வந்தவை. இந்தியாவில் அதனால் நேர்ந்த முதல் மரணம் அவ்வாண்டு ஆகஸ்டில் புனே நகரில் பதிவாயிற்று. அங்குப் பள்ளிகள் மூடப்பட்டன.

பகைவனின் உபாயத்தையே விஞ்ஞானிகள் ஆயுதமாக்கினர். லெனின்கிராட் வைரஸ் என்பது குளிரில் வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட ஒன்று; குளிர்ந்த நாசியில் பெருகும், வெப்பமிகு நுரையீரலில் நன்கு பெருகாது. அதன் 6 துண்டுகளுடன் 2009 வைரஸின் மேற்புறப் புரதங்களுக்குரிய 2 துண்டுகளைச் சேர்த்து வித்து வைரஸ் ஆக்கப்பட்டது. புனேயை அடுத்த ஹடப்சரில் 1966 இல் நிறுவப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட், அதனைக் கோழி முட்டைகளில் வளர்த்து, மூக்கில் செலுத்தும் தடுப்பு மருந்தாக 2010 இல் வெளியிட்டது.

எனினும் வைரஸின் மாற்றம் நின்றபாடில்லை. ஆதலால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, மருந்தில் சேர்க்கத்தக்க வைரஸ் வகைகளை அறிவிக்கின்றது. சென்ற ஆண்டு ஊசி போட்டுக்கொண்டவருக்கு இவ்வாண்டும் ஏன் என்று கிராமத்தார் வினவினால், களப்பணியாளர் கூறவேண்டிய விடை இதுவே.

கோழிகளோ பன்றிகளோ திடீரெனப் பெருவாரியாக இறந்தால் கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். சுரமுற்ற பிள்ளைகள் வீட்டில் ஓய்வு கொள்ளட்டும். கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதைத் தடுக்குந்தோறும், அது பெருகவும் மாறவும் உள்ள வாய்ப்பு ஒன்றைக் குறைக்கின்றோம்.