பயிர்க் காவல் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் முறை

மலையடிவாரக் கிராமங்களில் மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்கள் சிலர், காட்டு மிருகங்களினின்று பயிரைக் காக்கும் பொருட்டு லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். இத்துப்பாக்கி வயலில் இருப்பது சில நாழிகையே. மற்ற நேரமெல்லாம் பெண்டு பிள்ளைகள் நடமாடும் வீட்டில்தான் இருக்கிறது. ஆகையால் விபத்தும் வழக்கும் நேராதிருக்க, அதை வீட்டில் வைத்திருக்கும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் கூறுவது

இந்நாட்டில் துப்பாக்கிகளைப் பற்றிய சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமாகும். இது 1962 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்தது. இதன் கீழ் இப்பொழுது வழங்கும் விதிகள் 2016இல் ஏற்பட்டவை. சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையாகவே பயிர்க் காவலுக்கு வேண்டுவோர்க்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்க இடந்தருகிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால் குழலில் வரி இல்லாத வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி லைசென்ஸின் காலம் ஐந்து ஆண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே.

லைசென்ஸ் பெற்றுவிட்டதனாலேயே மிருகத்தைச் சுட உரிமை கிடைத்துவிட்டதென்று எண்ணலாகாது. சுடுவதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். சரணாலயத்திற்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் வசிப்போர், தம் துப்பாக்கியைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும் அச்சட்டம் விதிக்கிறது.

லைசென்ஸ் ஒருவருக்கே உரியது

யாவரும் மனத்திற் பதிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ரேஷன் கார்டு குடும்பத்திற்கு உரியது. துப்பாக்கி லைசென்ஸோ அதிற் கண்ட ஒருவருக்கே உரியது. தகப்பனார் பெயரில் லைசென்ஸ் இருக்க, மகன் தோட்டத்திற்கு அதை எடுத்துச் செல்வது குற்றம். லைசென்ஸ்தாரரின் முன்னிலையிலோ அவர் எழுத்து மூலம் அளித்த அதிகாரத்தின் பேரிலோ, பழுது பார்ப்பதற்கும், லைசென்ஸைப் புதுப்பிப்பதற்கும், அவருடைய உபயோகத்திற்காகவும் மட்டுமே பிறர் எடுத்துச் செல்லலாம் என்று 3ஆம் பிரிவு கூறுகிறது. இருபத்தொரு வயது நிரம்பாதவர் துப்பாக்கியை வைத்திருக்கலாகாது என்பது 9ஆம் பிரிவு.

இன்னும், பலர் சேர்ந்து வசிக்கும் இடத்தில் குற்றத்திற்குட்பட்ட ஆயுதம் அகப்படுமாயின், அது அங்கே இருப்பதை அறிந்திருந்தாரென நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றிக் குற்றவாளியாவர் என்று 35ஆம் பிரிவு விதிக்கிறது. ஒருவர் லைசென்ஸைப் புதுப்பியாது விட்டால் அதன் பலன் வீட்டிலுள்ள மற்றவரையும் சாரக்கூடும்.

ஆகவே, லைசென்ஸ்தாரரைத் தவிர வேறெவர் கையும் எட்டாதபடி வைப்பதே பாதுகாப்பென்பதன் பொருள். சுவரில் அடித்த ஆணியும், கதவு மூலையும், கட்டிலின் அடியும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. கனமான மரப்பெட்டியையோ இரும்பு அலமாரியையோ சுவரோடு பிணைத்து, துப்பாக்கியை அதனுள் வைத்துப் பூட்டுக. மருந்து, ரவை, கேப்பு இவற்றை வேறோர் இடத்தில் தனியே பூட்டுக. இரண்டு சாவிகளும் லைசென்ஸ்தாரரிடமே இருத்தல் வேண்டும்.

மருந்தும் குழலும்

வெடியுப்பு, கந்தகம், கரி இம்மூன்றும் கலந்ததே துப்பாக்கி மருந்து. ஈரம் படாதிருக்க வேண்டுமென்று அதை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பது பேராபத்து. ஒரு பொறி போதும். ஈரமும் நெருப்பும் அணுகாத இடமே அதற்கு ஏற்றது.

நாட்டுத் துப்பாக்கியில் மற்றோர் அபாயமும் உண்டு. கெட்டித்த மருந்து வெளியே தெரிவதில்லை. உலர்ந்திருந்தால் பல ஆண்டு கழிந்தும் அது வெடிக்கும். இதை அறிய எளிய உபாயம் ஒன்றுளது. குழல் வெறுமையாயிருக்கையில் கெட்டிக்கும் கோலை அடிவரை செலுத்தி, குழலின் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு கீறிவைக்க வேண்டும். பின்னர் எப்பொழுது சோதித்தாலும் அக்கோடு வாய்க்கு வெளியே நிற்குமாயின் உள்ளே மருந்து இருக்கிறதென்று அறியலாம். சோதிக்குமுன் கேப்பை எடுத்துவிட வேண்டும். குழலின் வாய் எவரையும் நோக்கியிருத்தல் கூடாது. சோதிப்பவரும் அதற்கு நேரே குனியலாகாது. உள்ளே மருந்திருந்தால் தாமே கிளறி எடுக்க முயலாது, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியைக் கொண்டு எடுப்பிப்பதே நலம். வயலிலிருந்து திரும்பும்போது மருந்து கெட்டித்தபடியே துப்பாக்கியை வாசற்படிக்குள் கொண்டுவருவதில்லை என்பதை ஒவ்வொருவரும் நியமமாகக் கொள்க.

பார்வைக்கு வைத்தல்

பாட்டனார் காலத்துத் துப்பாக்கியைக் கூடத்தில் மாட்டி வைப்பதைச் சிலர் பெருமையாகக் கருதுகின்றனர். பழைய மாதிரியானதோ, புராதன மதிப்புடையதோ, பழுதுபட்டதோ ஆன ஆயுதம், செப்பனிட்டாலும் சுட இயலாததாயிருந்தால் மட்டுமே 45ஆம் பிரிவின்படி சட்டத்திற்குப் புறம்பாகும். துருவேறியது என்பதனாலேயே அது சுடாதென்று முடிவு செய்தல் தகாது. ஐயமிருப்பின் லைசென்ஸ் அதிகாரியை எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். சுடக்கூடியதை மாட்டி வைத்தால், வருவோர் போவோர்க்கெல்லாம் அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகும்.

குடகு நாட்டில் கொடவர்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் 41ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸினின்று விலக்குண்டு. அங்கே செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைல்போள்து என்னும் பண்டிகையன்று துப்பாக்கிகளைத் துடைத்துச் செங்காந்தள் மலர் சூட்டி வழிபடுவர். நம் வீடுகளிலும் ஆயுத பூஜையன்று துப்பாக்கியை வைத்து வணங்க விரும்புவோர், குழல் வெறுமையாயிருப்பதைச் சோதித்து, மருந்தையும் கேப்பையும் அருகில் வையாது, பூஜை முடியும்வரை உடனிருந்து, முடிந்தவுடன் பூட்டிவிட வேண்டும். விழாக்களில் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறருயிருக்கு அபாயம் விளைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

தவறினால் நேர்வது

லைசென்ஸின் நிபந்தனையையோ விதியையோ மீறினால், வேறு தண்டனை கூறப்படாதவிடத்து, 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அஜாக்கிரதையால் ஒருவர் உயிர் போகுமாயின், பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் நேரும்.

துப்பாக்கியோ மருந்தோ களவுபோனால் தாமதியாது போலீஸ் ஸ்டேஷனில் அறிவித்தல் வேண்டும். லைசென்ஸின் காலம் முடிந்தாலும், அது ரத்தானாலும், லைசென்ஸ்தாரர் காலஞ்சென்றாலும், துப்பாக்கியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலேனும் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமேனும் ஒப்படைக்க வேண்டுமென்பது 21ஆம் பிரிவு. ஒப்படைத்ததற்கு ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துக. துக்க வீட்டில் இவ்விஷயம் மறக்கப்படுவது இயல்பாதலின், லைசென்ஸ் எங்கே இருக்கிறதென்பதையும், அது முடியும் தேதியையும் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

ஒரு போகம் அழிந்தால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். வீட்டில் ஒரு குழந்தைக்கு நேரும் தீங்கிற்கு ஈடு ஏதுமில்லை. பயிரைக் காக்க வாங்கிய கருவியைப் பூட்டி வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டியும் இரண்டு பூட்டுமே.