அலுமினியத் தகட்டை வளையாமல் சமன்செய்தல்

அலுமினியத் தகட்டைச் சமன்செய்தல் என்பது மில்லிங் எந்திரத்தில் தகட்டின் முகத்தைச் சீவித் தட்டையாக்கும் பட்டறைப் பணியாகும். எந்திரத்தின் மேல் தட்டையாகத் தெரிந்த தகடு, கிளாம்பைத் தளர்த்தியதும் வில்போல் வளைந்துவிடுவதே இதில் உள்ள முதன்மையான சிக்கல்.

காரணம்

வெப்பப்படுத்தி நீரில் தணிக்கப்படும் தகட்டின் மேற்பரப்பு முதலில் குளிர்கிறது. நடுப்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்குகிறது. இதனால் இரு முகங்களிலும் அமுக்கத் தகைவும், நடுவில் இழுவிசைத் தகைவும் தங்கிவிடுகின்றன. இவை ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தகடு அசையாமல் இருக்கும். ஒரு முகத்தை மட்டும் சீவினால் அந்தப் பக்கத்து அமுக்கம் போய்விடுகிறது. மறுபக்கம் விரிய முயல்வதால், ஓரங்கள் சீவிய முகத்தை நோக்கி எழும்புகின்றன.

தகடு மெலியும்போது வளைவு கூடுகிறது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். வெப்பமும் ஒரு காரணம்: 1 மீட்டர் அலுமினியம் 10 டிகிரி செல்சியசு சூடானால் ஏறத்தாழ 0.23 மி.மீ. நீளும். இது எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

செய்முறை

தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது. 6061 கலப்புலோகத்தில் டி651 வகை, தணித்த பின் சில விழுக்காடு இழுத்து நீட்டப்பட்டது. அதில் எஞ்சிய தகைவு குறைவு. வார்த்துத் தகைவு நீக்கிய தகடு இன்னும் நிலையானது, ஆனால் வலிமை குறைந்தது.

பிடிக்கும் முறையிலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஏற்கெனவே வளைந்த தகட்டை அழுத்தித் தட்டையாக்கிப் பிடித்துச் சீவினால், விடுவித்தவுடன் அது பழைய வளைவுக்கே திரும்பும். எனவே இடைவெளி உள்ள இடங்களில் ஷிம் செருகி, தகட்டை அதன் இயல்பான நிலையிலேயே தாங்க வேண்டும். இரு முகங்களிலும் மாறிமாறிச் சம அளவு சீவி, கடைசிச் சீவலுக்கு முன் கிளாம்பைத் தளர்த்தி, தகடு குளிர விட்டு, மீண்டும் மெதுவாகப் பிடிப்பது வழக்கம். கூரான வெட்டுளியும் போதிய குளிர்விப்பு நீரும் தேவை. அளவீட்டைத் தகடு தளர்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும்.

போடி மலையும் தட்டைத்தன்மையும்

தட்டைத்தன்மை இன்னும் பெரிய அளவில் தேவைப்படும் திட்டம் ஒன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே, பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலையில் முன்மொழியப்பட்டது. அது இந்திய நியூட்ரினோ ஆய்வகம். அதன் ஐகால் உணர்கருவியில் உலோகம் அலுமினியமன்று, காந்தமாக்கப்படும் மென்னிரும்பு. மொத்தம் சுமார் 50,000 டன். 56 மி.மீ. தடிமனுள்ள இரும்பு அடுக்குகளுக்கிடையே 40 மி.மீ. இடைவெளி விட்டு, அதற்குள் ஏறத்தாழ 2 மீட்டர் சதுரமான கண்ணாடி உணர்கலங்களைச் செருகுவது வடிவமைப்பு. 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் இரும்புத் தகட்டின் எடையே சுமார் மூன்றரை டன். அது சில மில்லிமீட்டர் வளைந்தாலும் செருகும் வழி குறுகும். உள்ளே செல்வதோ கண்ணாடி. அலுமினியத்துக்குச் சொன்ன தகைவுக் கணக்கு, உருட்டி வெட்டிய இரும்புக்கும் பொருந்தும்.

2015 சனவரியில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உள்ளூர் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் மலையில் கட்டுமானம் தொடங்கவில்லை. இதே அமைப்பின் 85 டன் முன்மாதிரியான மினி-ஐகால், 11 இரும்பு அடுக்குகளுடன் மதுரையில் அமைக்கப்பட்டது.